செவ்வாயின் பண்டை நீர்: சான்றுகளை எடைபோடும் முறை

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

செவ்வாயின் தரையில் இன்று தண்ணீரைக் கொட்டினால் அது நிற்காது. அங்கே காற்றழுத்தம் சராசரியாக 6 மில்லிபார் அளவே. பூமியின் கடல்மட்ட அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சராசரி வெப்பநிலை −60 டிகிரி செல்சியஸை ஒட்டியது. நீர் திரவமாக இருக்க வேண்டுமானால் குறைந்தது 6.1 மில்லிபார் அழுத்தமாவது வேண்டும். செவ்வாய் அந்த விளிம்பில் நிற்கிறது. அதனால் கொட்டிய நீரில் ஒரு பகுதி கொதித்து ஆவியாகும், மீதி உறைந்துபோகும். இப்படிப்பட்ட தரையில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது, ஏரி தேங்கியது என்று சொல்பவருக்கு அதை நிறுவும் பொறுப்பு உண்டு.

‘செவ்வாயில் தண்ணீர்’ என்ற தலைப்பு நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு முறையும் முதல்முறை கண்டதுபோலவே வருகிறது. இதைப் படித்துவரும் வாசகர், ‘இது எப்போதோ முடிந்த விஷயம்’ என்று நினைப்பார். இல்லையென்றால் ‘இவர்களுக்கு எதுவுமே உறுதியில்லை’ என்று நினைப்பார். இரண்டுமே தவறு. சில கேள்விகள் உண்மையில் முடிந்துவிட்டன. வேறு சில தொடக்க நிலையிலேயே இருக்கின்றன. எது எது என்று பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

சான்றுகளை மூன்று வகையாகக் கொள்கிறேன். ஒன்று வடிவம்: நீர் அரித்ததாகத் தோன்றும் நில உருவங்கள். இரண்டு கனிமம்: நீரோடு வினைபுரிந்தால் மட்டும் உண்டாகும், அல்லது பெரும்பாலும் அப்படியே உண்டாகும் பொருள்கள். மூன்று படிவு: நீர் சுமந்துவந்து இறக்கிய மணலும் சேறும் இறுகிய பாறை அடுக்குகள். வடிவம் தனித்து நின்றால் அது குறிப்பு மட்டுமே. கனிமம் நீர் இருந்ததைச் சொல்லும். ஆனால் அந்த நீர் தரைமேல் இருந்ததா, தரைக்கடியில் ஊறியதா என்று சொல்லாது. மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று தாங்கும்போதுதான் வழக்கு நிற்கும். உயிரினம் இருந்ததா என்ற கேள்வியும், இன்றுள்ள துருவப் பனியும் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.

2. வடிவச் சான்று

2.1 பள்ளத்தாக்கு வலைகள்

1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போகிற போக்கில் 22 படங்கள் எடுத்தது. அவற்றில் தெரிந்தது நிலவைப் போலக் குழி விழுந்த தரை. செவ்வாயில் கால்வாய்கள் உண்டு என்ற பெர்சிவல் லோவெல் காலத்துக் கனவு அத்தோடு ஓய்ந்தது. கூடவே ‘செவ்வாய் என்றுமே வறண்ட கோள்’ என்ற எதிர்முனைக் கருத்தும் வலுத்தது. ஆறே ஆண்டில் அதுவும் உடைந்தது. 1971 நவம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மரைனர் 9, கோள் முழுவதையும் மூடியிருந்த புழுதிப் புயல் அடங்கும்வரை காத்திருந்தது. பிறகு 7,000-க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. தெற்கு மேட்டுநிலத்தில் கிளைவிட்ட பள்ளத்தாக்குகள் நூற்றுக்கணக்கில் தெரிந்தன.

இவற்றை ஆறு என்று சொல்லக் காரணம் வெறும் தோற்றம் அல்ல. கிளைகள் சரிவை நோக்கியே இணைகின்றன. இணையும்தோறும் முதன்மைப் பள்ளத்தாக்கு அகல்கிறது. 1997-இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர், லேசர் உயரமானியால் கோளின் மேடுபள்ளங்களை அளந்தது. பள்ளத்தாக்குகள் அந்த அளவைகள் காட்டும் சரிவையே பெரும்பாலும் பின்பற்றுகின்றன. இவற்றுள் மிகுதியானவை 370 கோடி ஆண்டுக்கு முற்பட்ட தரையை வெட்டிச் செல்கின்றன. எல்லாமே மழையாறுகள் என்று கொள்ள முடியாது. நிர்கல் வாலிஸ் போன்றவற்றில் கிளைகள் குறைவு. தலைப்பகுதி அரைவட்டமாக முடிகிறது. நிலத்தடி நீர் ஊறி வெளிப்பட்ட இடங்களிலும் இதே வடிவம் வரும்.

2.2 பெருவெள்ளத் தடங்கள்

காசெய், ஏரெஸ் போன்ற தடங்கள் வேறு இனம். இவற்றுக்குக் கிளைகளே இல்லை எனலாம். உடைந்து குலைந்த நிலத்திலிருந்து முழு அகலத்தோடு திடீரெனத் தொடங்குகின்றன. சில இடங்களில் அகலம் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். நடுவே ஒருபக்கம் கூர்ந்த தீவுகள் நிற்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பனியுகத்துப் பெருவெள்ளம் வழித்துப்போட்ட நிலத்தை இவை அப்படியே ஒத்திருப்பதை விக்டர் பேக்கர் 1970-களில் எடுத்துக்காட்டினார். அந்த வாஷிங்டன் நிலத்தை வெள்ளம்தான் செதுக்கியது என்று 1923-இல் ஜே ஹார்லன் பிரெட்ஸ் எழுதியபோது, நிலவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஏற்க மறுத்தார்கள். அந்த மறுப்பு நீடித்திருந்தால் செவ்வாயின் தடங்களுக்கு ஒப்பிட ஒன்றும் கிடைத்திருக்காது.

பெருவெள்ளத் தடம் தட்பவெப்பத்துக்குச் சான்றாகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நிலத்தடியில் அடைபட்ட நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தால், கடுங்குளிரிலும் சில நாள், சில வாரம் ஓடும். மேலே மழை பெய்ய வேண்டிய தேவை இல்லை. நீர்த்த எரிமலைக்குழம்பே இவற்றைச் செதுக்கியது என்ற மாற்றுக் கருத்தும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

2.3 வடிவம் ஏமாற்றிய இடங்கள்

குசெவ் பள்ளம் நல்ல பாடம். சுமார் 160 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளத்துக்குள் மாதிம் வாலிஸ் என்ற நீண்ட பள்ளத்தாக்கு தெற்கிலிருந்து வந்து நுழைகிறது. ஆறு நுழைந்தால் ஏரி இருந்திருக்க வேண்டும். ஏரி இருந்தால் படிவு இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ஊர்தியை அங்கே இறக்கினார்கள். சமவெளியில் ஊர்தி கண்டது பசால்ட், அதாவது எரிமலைக்குழம்பு இறுகிய பாறை. ஏரிப் படிவு இருந்திருந்தாலும் அது குழம்புக்கு அடியில் புதைந்துவிட்டது.

அடுத்தது சரிவுக்கோடுகள். வெப்பப் பருவத்தில் செங்குத்துச் சரிவுகளில் கருங்கோடுகள் நீண்டு, குளிரில் மங்குவதை 2011-இல் அறிவித்தார்கள். 2015-இல் அவற்றில் நீரேறிய உப்பு இருப்பதாகச் சொல்லப்பட்டது. உலகமெங்கும் அது தலைப்புச் செய்தியானது. 2017-இல் அதே கோடுகளின் முடிவிடங்களை அளந்து பார்த்தபோது, உலர்ந்த மணல் சரிந்து நிற்கும் கோணத்திலேயே அவை நிற்பது தெரிந்தது. நீர் என்றால் மென்சரிவிலும் தொடர்ந்து ஓடியிருக்கும். உப்பின் அடையாளம் என்று கருதப்பட்ட நிறமாலைக் குறியும் பின்னர் கருவித் தரவின் குறைபாடாக இருக்கலாம் எனக் காட்டப்பட்டது. தலைப்புச் செய்தி வந்த அளவுக்குத் திருத்தம் செய்தியாகவில்லை.

3. கனிமச் சான்று

3.1 மெரிடியானியின் குண்டுமணிகள்

மெரிடியானி சமவெளியில் சாம்பல்நிறப் படிக ஹெமடைட் இருப்பதை மார்ஸ் குளோபல் சர்வேயரின் வெப்ப நிறமாலைமானி விண்ணிலிருந்தே கண்டது. இந்த இரும்பு ஆக்சைடு பெரும்பாலும் நீரின் துணையோடு உண்டாவது. இந்தக் கணிப்பைச் சோதிக்கவே ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியை 2004 ஜனவரி 25-இல் அங்கே இறக்கினார்கள். காற்றுப் பைகளில் துள்ளித் துள்ளி உருண்ட ஊர்தி, சுமார் 22 மீட்டர் அகலமுள்ள ஈகிள் என்ற சின்னப் பள்ளத்துக்குள் போய் நின்றது. எதிர்ச்சுவரில் அடுக்குப் பாறை வெளிப்பட்டுக் கிடந்தது. யாரும் திட்டமிடாத அதிர்ஷ்டம் அது.

பாறைக்குள்ளும் தரையெங்கும் மிளகளவு குண்டுமணிகள் கிடந்தன. எரிமலையோ விண்கல் மோதலோ தெறிக்கவிட்ட துளிகள் என்றால், அவை குறிப்பிட்ட அடுக்குகளில் குவிந்திருக்கும். இவை அடுக்கைப் பொருட்படுத்தாமல் பாறை முழுக்க விரவிக் கிடந்தன. நீர் ஊறிய பாறைக்குள்ளேயே கரைந்து, மீண்டும் திரண்டு வளர்ந்தவை என்றால் இந்தப் பரவல் பொருந்தும். இவைதாம் ஹெமடைட்டா என்று உறுதிசெய்வதில் ஒரு சிக்கல் வந்தது. ஊர்தியின் மாஸ்பவர் நிறமாலைமானி பார்க்கும் பரப்பைவிட ஒற்றை மணி சிறியது. ஆகவே ஒரு பாறைக் குழிவில் மணிகள் குவிந்திருந்த இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். அங்கே ஒருமுறை, மணியே இல்லாத பக்கத்துப் பாறைமேல் ஒருமுறை என்று அளந்தார்கள். ஹெமடைட் குறி மணிக்குவியலில் ஓங்கி நின்றது. எளிய ஒப்பீடுதான்; ஆனால் இந்தப் பயணத்தின் மிகத் திருத்தமான சோதனை இதுவே என்பேன்.

அதே பாறையில் ஜாரோசைட் என்ற கனிமமும் இருந்தது. அமிலநீரில் உண்டாகும் இரும்புச் சல்பேட் அது. அதன் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே ஹைட்ராக்சில் இருக்கிறது. 2005-இல் இப்பாறைகளுக்கு எரிமலை வளிமம், மோதல் அலை என இரண்டு மாற்று விளக்கங்கள் வைக்கப்பட்டன. சில சென்டிமீட்டர் அளவேயான வளைந்த குறுக்கு அடுக்குகள் ஓடும் நீரையே காட்டுகின்றன என்று ஊர்திக் குழுவினர் வாதிட்டார்கள். அவர்கள் பக்கமே எடை கூடியிருக்கிறது. ஆனாலும் மெரிடியானியின் நீர் நிலத்தடியிலிருந்து ஏறி, அவ்வப்போது மேலே எட்டிப் பார்த்த உவர்நீர். நின்ற ஏரி அல்ல.

3.2 களிமண்ணும் சல்பேட்டும்

மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் ஒமேகா கருவி தந்த தரவைக் கொண்டு ஜான்-பியர் பிப்ரிங் குழு 2006-இல் செவ்வாயின் வரலாற்றைக் கனிமங்களால் மூன்று காலமாகப் பிரித்தது. முதலில் களிமண் உருவான காலம். அடுத்து சல்பேட் காலம். கடைசியாக நீரில்லாமல் மெல்லத் துருப்பிடித்த, இன்றுவரை நீளும் காலம். களிமண் கனிமம் பெரும்பாலும் நடுநிலையான நீரில், நீண்ட தொடர்பில் உருவாவது. அமிலச் சல்பேட் நீர் வற்றி இறுகும் கட்டத்துக்குரியது. இந்தச் சட்டகம் பயனுள்ளது. அளவுக்கு மீறிச் சுத்தமானதும்கூட. களிமண் ஆழத்தில், வெந்நீர் ஓட்டத்திலும் உருவாகும். அப்படியானால் மேலே கடுங்குளிர் நிலவியபோதும் அடியில் களிமண் விளைந்திருக்கலாம்.

3.3 பழுதான சக்கரம்

குசெவில் ஏமாந்த ஸ்பிரிட், அங்குள்ள கொலம்பியா குன்றுகளில் வேறொன்றைக் கண்டது. அதன் வலது முன்சக்கரம் சுழலாமல் நின்றுபோனது. ஊர்தியைப் பின்னோக்கி ஓட்டி, அந்தச் சக்கரத்தைத் தரதரவென்று இழுத்துச் சென்றார்கள். 2007-இல் அது கீறிய தடத்தில் வெள்ளை மண் தெரிந்தது. அளந்தால் 90 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா. வெந்நீர் ஊற்றோ எரிமலை நீராவித் துளையோ இருந்த இடம் அது. ஏரியைத் தேடிப்போய் வெந்நீரைக் கண்டார்கள். நல்ல சக்கரமாக இருந்திருந்தால் அதையும் காணாமல் உருண்டு போயிருக்கும்.

4. படிவுச் சான்று: கேல் பள்ளம்

கேல் பள்ளம் சுமார் 154 கிலோமீட்டர் அகலமுள்ளது. நடுவே 5 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அடுக்கு மலை ஷார்ப். 2012 ஆகஸ்டில் அங்கே இறங்கிய கியூரியாசிட்டி, சில வாரங்களிலேயே கூழாங்கல் ஒட்டிய பாறைத் தட்டுகளைக் கண்டது. கற்கள் உருண்டையாகத் தேய்ந்திருந்தன. இந்த அளவுக் கற்களைக் காற்றால் தூக்கிச் செல்ல முடியாது. பல கிலோமீட்டர் நீரில் உருண்டால்தான் முனைகள் இப்படி மழுங்கும். கல்லின் அளவிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள்: ஆழம் 3 முதல் 90 சென்டிமீட்டர், வேகம் நொடிக்கு முக்கால் மீட்டருக்குள். குழந்தை இறங்கி விளையாடக்கூடிய ஓடை. செவ்வாய் ஓடையின் ஆழத்தையும் வேகத்தையும் கையில் அகப்பட்ட கற்களிலிருந்து சொன்னது அதுவே முதல்முறை.

பிறகு மலையை நோக்கிப் போகாமல், ஊர்தியை எதிர்ப்புறம் தாழ்வான யெல்லோநைஃப் பே என்ற இடத்துக்குத் திருப்பினார்கள். முதன்மை நோக்கத்தைத் தள்ளிவைத்துச் சுற்றுவழி போவதாகத் தோன்றிய அந்த முடிவு பலனளித்தது. 2013 பிப்ரவரியில் மெல்லிய சேறு இறுகிய பாறையில் 1.6 சென்டிமீட்டர் அகலம், 6.4 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டது கியூரியாசிட்டி. வெளியே செம்மண் நிறம். துளையிலிருந்து வந்த தூள் சாம்பல். ஆக்சிஜனேற்றம் மேல்தோலோடு நின்றுவிட்டிருந்தது. தூளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமம். உப்பு குறைவு, அமிலமும் இல்லை. மெரிடியானியின் கசந்த அமிலநீருக்கு நேர் எதிரான நன்னீர்.

மலையடிவாரத்தில் சேற்றுப் பாறை பல நூறு மீட்டர் தடிமனுக்கு அடுக்கடுக்காக ஏறுகிறது. பல அடுக்குகள் மில்லிமீட்டர் கனமே உடையவை. அசையாத நீரில் மெல்ல இறங்கிப் படிந்த மண் அல்லாமல் வேறெதுவும் இப்படி அடுக்காது. இடையிடையே சேற்று வெடிப்புகளின் அச்சும் உண்டு: ஏரி வற்றியது, மீண்டும் நிறைந்தது.

இவை எல்லாவற்றிலும் எடைமிக்க சான்று, என் கணிப்பில், ஆறு மில்லிமீட்டர் உயரமுள்ள மணல் அலைகள். 2022-இல் கியூரியாசிட்டி மலைச்சரிவில் இவற்றைப் படம்பிடித்தது. அளந்து ஆராய்ந்த முடிவுகள் 2025 தொடக்கத்தில் வந்தன. அலைமுகடுகளுக்கு இடையே 4, 5 சென்டிமீட்டர் தொலைவு. இருபக்கமும் ஒரே சாய்வு. ஒருதிசை ஓட்டம் உண்டாக்கும் அலை ஒருபக்கம் சாய்ந்திருக்கும். இருபக்கமும் ஒத்திருந்தால், மேலே காற்று வீச, நீர் முன்னும்பின்னும் ஆடியது என்று பொருள். நீர்மட்டம் பனியால் மூடிக்கிடந்தால் காற்று அதைத் தொட்டிருக்காது. ஆகவே அந்த ஆழமற்ற நீர்நிலை திறந்த வானத்தின் கீழ் கிடந்தது. இந்தச் சிறு அலைகள் வெறும் நீருக்கு மட்டும் சான்றல்ல, வானிலைக்கும் சான்று. ஒன்பதாம் பிரிவில் இவை மீண்டும் தேவைப்படும்.

5. ஜெசீரோ

45 கிலோமீட்டர் அகலமுள்ள ஜெசீரோ பள்ளத்தில் ஆறு நுழையும் வழியும் வெளியேறும் வழியும் உள்ளன என்று 2005-இலேயே விண்படங்களைக் கொண்டு சொல்லியிருந்தார்கள். உள்நுழையும் வாயில் விசிறி வடிவ டெல்டா. அதில் களிமண்ணும் கார்பனேட்டும். குசெவிலும் வடிவக் கணிப்பு இதுபோலத்தான் இருந்தது. ஆனால் இங்கே கனிமமும் துணைநின்றது. 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவரன்ஸ், தொலைவில் நின்ற கோடியாக் என்ற சிறு குன்றைப் படமெடுத்தது. அதன் வெட்டுமுகத்தில் கீழே கிடைமட்டம், நடுவே சரிந்த அடுக்கு, மேலே மீண்டும் கிடைமட்டம். ஆறு ஏரிக்குள் வண்டலைத் தள்ளும்போது வரும் அடுக்குமுறை இதுவே. உச்சியில் மீட்டருக்கும் மேற்பட்ட பாறாங்கற்கள்: அமைதியாக இருந்த ஆறு கடைசிக் காலத்தில் வெள்ளமாகப் புரண்டது. ஊர்தி இறங்கிய தரை மட்டும் ஏரிச் சேறாக இல்லாமல் எரிமலைப் பாறையாக இருந்தது. குசெவின் சாயல் இங்கும் கொஞ்சம் உண்டு.

6. கடல்

வடபாதித் தாழ்நிலம் முழுவதும் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்ற கருத்து 1980-களின் இறுதியிலிருந்து உண்டு. கரைக்கோடு என்று வரைந்த கோடுகள் ஒரே உயரத்தில் இல்லை என்பதே இதன் நோய். சீனாவின் சூரோங் ஊர்தி யுடோபியா சமவெளியில் நிலத்தடி ரேடாரால் கண்ட சரிவடுக்குகளைக் கடற்கரைப் படிவாக 2025-இல் விளக்கியிருக்கிறார்கள். அந்த அடுக்கின் மணலை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. கடலை நிறுவப்பட்டதாகக் கொள்ள இயலாது.

7. காலக் கணக்கு

செவ்வாய்த் தரையின் வயதுகள் பெரும்பாலும் விண்கல் மோதிய பள்ளங்களை எண்ணிப் பெற்றவை. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலவுப் பாறைகளின் வயதை அளவுகோலாக்கி, அதைச் செவ்வாய்க்குத் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். திருத்தத்தில் பிழை இருந்தால் எல்லா வயதும் சேர்ந்து நகரும்.

நேரடி அளவைகள் சிலவே. கியூரியாசிட்டி பொட்டாசியம்–ஆர்கான் முறையில் யெல்லோநைஃப் பே பாறைக்கு 421 கோடி ஆண்டு என்று கண்டது. பிழையெல்லை 35 கோடி. ஆனால் அது ஏரியின் வயதன்று; ஏரிக்கு அடித்துவரப்பட்ட மணியின் வயது. அதே ஊர்தி பிறகு ஜாரோசைட் ஒன்றுக்கு ஏறத்தாழ 212 கோடி ஆண்டு கண்டது. கேலின் ஏரிகள் மறைந்து வெகுகாலம் கழித்தும் பாறைக்குள் நீர் ஊறியிருக்கிறது என்பதே இதன் பொருள். பூமியில் விழுந்த செவ்வாய் விண்கற்களும் சாட்சி சொல்கின்றன. அண்டார்க்டிகாவில் கிடைத்த ஆலன் ஹில்ஸ் 84001 கல்லிலுள்ள கார்பனேட் 390 கோடி ஆண்டு அளவில் பழையது. 1911-இல் எகிப்தின் நக்லாவில் விழுந்த கல்லின் இனத்தைச் சேர்ந்தவற்றில் நீர்பட்டு உருவான பொருள், நூறு கோடி ஆண்டுக்கும் குறைந்த வயதுடையது.

8. நீரின் அளவும் போன இடமும்

சாதா ஹைட்ரஜன் இலேசானது; விண்வெளிக்குத் தப்பிவிடும். கனமான டியூட்டீரியம் பின்தங்கும். செவ்வாய்க் காற்றின் நீராவியில் டியூட்டீரிய விகிதம் பூமிக் கடல்நீரைவிட ஐந்தாறு மடங்கு. பெருமளவு நீர் தப்பிப்போனதற்கு இதுவே கையொப்பம். இந்த விகிதத்தை ஆராயும் நோக்கத்தோடுதான் இஸ்ரோவின் மங்கள்யானில் லைமன் ஆல்ஃபா ஒளிமானி ஏற்றப்பட்டது. 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அதற்குச் சில நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்த நாசாவின் மேவன், காற்று மண்டலம் விண்வெளிக்குக் கசிவதை அளந்தது. தொடக்கத்தில் இருந்த ஆர்கானில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்பது அதன் முடிவு.

எல்லா நீரும் மேலே போய்விடவில்லை. பாறைக் கனிமங்களுக்குள் பிணைந்து நின்றது 30 முதல் 99 விழுக்காடு வரை என்று 2021-இல் ஒரு கணக்கு வந்தது. இந்த வீச்சைப் பார்த்தாலே நமக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரியும். திசை சரி, எண் இன்னும் கைக்கு வரவில்லை.

9. தீராத வழக்கு: தட்பவெப்பம்

ஆறு ஓடிய காலத்துச் சூரியனின் ஒளி இன்றையதில் நான்கில் மூன்று பங்கே. அதிலும் செவ்வாய்க்குக் கிடைத்தது பூமி பெறுவதில் பாதிக்கும் குறைவு. கார்பன் டை ஆக்சைடு மட்டுமே கொண்ட காற்றை எவ்வளவு தடிமனாக வைத்துக் கணக்கிட்டாலும் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மேல் ஏறுவதில்லை. ஆகவே ராபின் வேர்ட்ஸ்வொர்த் போன்ற ஆய்வாளர்கள் வேறு படம் வரைந்தார்கள்: மேட்டுநிலங்களில் பனி குவிந்த குளிர்க்கோள்; எரிமலையோ மோதலோ ஹைட்ரஜன் போன்ற வளிமங்களை இறைக்கும்போது மட்டும் இடையிடையே உருகிய காலங்கள்.

பழைய வளிமண்டலத்தின் கார்பன் எங்கே என்ற கேள்வியும் வெகுகாலம் உறுத்தியது. தடித்த கார்பன் டை ஆக்சைடு இருந்திருந்தால் கார்பனேட் மலைபோல் கிடைக்க வேண்டும். விண்ணிலிருந்து பார்த்தால் கொஞ்சமே தெரிந்தது. 2025-இல் கேல் பள்ளத்துத் துளைத்தூளில் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் சில மாதிரிகளில் 10 விழுக்காடு வரை இருப்பதாக அறிவித்தார்கள். மற்றக் கனிமங்கள் மறைத்ததால் அது விண்ணிலிருந்து புலப்படாமல் இருந்திருக்கிறது. கார்பன் கணக்கு முழுவதும் நேராகிவிடவில்லை. ஆனால் கதவு திறந்தது.

நான்காம் பிரிவின் மணல் அலைகளை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். பனி மூடாத ஏரி ஒன்று சில காலமாவது இருந்தது என்பதை எந்தக் குளிர்க்கோள் மாதிரியும் இனி விளக்கியாக வேண்டும். ஆனால் அந்த அலைகள் சில நாளில் உருவாகக் கூடியவை. அவற்றைக் கொண்டு கோள் முழுவதும் கோடி ஆண்டு வெதுவெதுப்பாக இருந்தது என்று முடிவு கட்டுவது சான்றை மீறிய பேச்சு. கேலிலும் ஜெசீரோவிலும் ஆறும் ஏரியும் இருந்தன என்பதில் இனி ஐயத்துக்கு இடமில்லை. எவ்வளவு காலம், தொடர்ந்தா, விட்டுவிட்டா என்பதற்கு ஆய்வகத்தில் வயதிட்ட பாறை வேண்டும். பெர்சிவரன்ஸ் 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் ஜெசீரோவின் த்ரீ ஃபோர்க்ஸ் என்ற இடத்தில் 10 மாதிரிக் குழாய்களைத் தரையில் இறக்கி வைத்திருக்கிறது. மேலும் பல அதன் வயிற்றுக்குள் உள்ளன. அவை பூமிக்கு வந்து சேரும்வரை, ‘செவ்வாய் ஒரு காலத்தில் பூமியைப் போல் இருந்தது’ என்ற வாக்கியத்தைப் படிக்கும் வாசகர், ‘எந்த இடத்தில், எத்தனை ஆண்டு?’ என்று எழுதியவரைத் திருப்பிக் கேட்க வேண்டும்.